வாத்தியாருக்கே பரீட்சை!

மணமேல்குடி, அறந்தாங்கி வட்டாரப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பரீட்சை எழுதுவார்கள். வாத்தியார் மேற்பார்வை பார்ப்பார். இப்போது வாத்தியாரே எழுத வேண்டிய நிலை!

2010-க்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்கள் 'டெட்' என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு நமக்கில்லை என்று நிம்மதியாக இருந்தார்கள். 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு போட்டது ஒரு போடு. எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறவர்களில், ஓய்வு பெற 5 ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் 2 ஆண்டுக்குள் தேற வேண்டும். இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்றது தீர்ப்பு. மற்றவர்கள் தப்பினார்கள். ஆனால் பதவி உயர்வு கிடையாது.

லேசான பரீட்சையா? 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதன்முதலாக நடந்தபோது எழுதியவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். தேறியவர்கள் 2,448 பேர்தான்! 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் எப்படிப் போதும் என்று கூச்சல் கிளம்பியது. அக்டோபர் மறுதேர்வில் 3 மணி நேரம் கொடுத்தார்கள்.

கணக்கு வாத்தியாருக்குக் கணக்கைக் கண்டு பயமில்லை. தமிழ் 30, இங்கிலீஷ் 30, குழந்தை மனோதத்துவம் 30 மார்க் என்று வருகிறதே, அங்கேதான் உதறல்! இருபது வருஷம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவருக்கு மனோதத்துவத்தில் பரீட்சையா? கேள்வி நியாயம்தான். ஆனாலும் பகலில் வகுப்பு, ராத்திரியில் படிப்பு. வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரே விளக்கில் இரண்டு பேர்!