முள் காட்டும் கோளாறு!

1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, சென்னை திருவொற்றியூரில் தயாரித்த வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டுகள் இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. காலையில் வண்டி கிளம்ப மறுத்தால், பலரும் மூச்சு வாங்கும்வரை கிக்கரை உதைக்கிறார்கள். பிறகு பிளக், காயில், கார்புரேட்டர் என்று வரிசையாக மாற்றுகிறார்கள். காலும் வலிக்கிறது, காசும் போகிறது. கோளாறு எங்கே என்று காட்ட ஹெட்லைட்டுக்கு மேலேயே ஆம்பியர் மீட்டர் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

முள் அசைகிறதா?

சாவியைப் போட்டு, டீகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் முனைகள்) சேர்ந்திருக்கும்போது காயிலுக்குக் கரண்ட் போகும். முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் பிரிந்ததும் நடுவுக்கு வரும். இப்படி மாறி மாறி ஆடினால் பேட்டரியிலிருந்து பாயிண்ட் வரை பாதை சரி. முள் அசையவே இல்லை என்றால் பேட்டரி, ஃபியூஸ், சாவி சுவிட்ச், ஒயர் இணைப்பு, அழுக்கேறிய பாயிண்ட் ஆகியவற்றைச் சோதியுங்கள். மைனஸ் பக்கமே நின்றுவிட்டால் பாயிண்ட் திறக்கவில்லை; அல்லது அதன் ஒயரோ கன்டென்சரோ ஷார்ட் ஆகியிருக்கிறது.

பாயிண்டில் என்ன பார்ப்பது?

சாவியை அணைத்துவிட்டு, பெட்ரோலில் நனைத்த கெட்டிக் காகிதத்தைப் பாயிண்ட் முனைகளுக்கு நடுவே வைத்து இழுங்கள். கறுப்புக் கோடு விழுவது நிற்கும் வரை இழுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும், ஃபீலர் கேஜ் வைத்து அளந்துவிடலாம். கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும். ஸ்பார்க் பிந்தி வரும். கிக் செய்யும்போது பாயிண்டிலேயே பெரிதாகப் பொறி பறந்தால், கன்டென்சர் மீதுதான் முதல் சந்தேகம். குளிர்ந்த இன்ஜினில் கிளம்பி, சூடானதும் அடங்கிவிடும் வண்டியில் காயிலையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள். கிக்கர் திருப்பி அடித்தால், பாயிண்டுக்குப் பின்னால் உள்ள ஆட்டோ அட்வான்ஸின் எடைகள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம்.

பிளக் நனைந்திருக்கிறதா?

கரண்ட் சரி, ஆனாலும் கிளம்பவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, பற்றவில்லை. காய்ந்திருந்தால் டேங்க் குழாய், ஃப்ளோட், ஜெட் பக்கம் போங்கள். ஸ்பார்க் சோதிக்கும்போது பிளக்கை அதன் துளையிலிருந்து தள்ளி, இன்ஜின் இரும்பில் ஒட்டிப் பிடியுங்கள். துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, கிக் செய்து பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் வண்டி கிளம்பலாம். எதனால் கிளம்பியது என்பது தெரியாது. அடுத்த முறை நடுவழியில் நின்றால் எதனால் கிளம்பியது என்ற தெளிவுதான் கைகொடுக்கும். பழைய வண்டியை வைத்திருப்பவர் சேர்க்க வேண்டிய முதல் உதிரிபாகம் அதுவே.