கடைசி அடியில் ஒரு சீர் குறைவு

திருக்குறளின் முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்றே சீர். 1330 குறளிலும் இதே கணக்கு. நான்காவது சீரை எதிர்பார்த்த காதுக்கு அங்கே கிடைப்பது அமைதி. சொன்ன கருத்து அந்த இடைவெளியில்தான் இறங்குகிறது. நேரிசை வெண்பா இன்னும் துணிச்சலானது. அதன் இரண்டாம் அடி ஒரு தனிச்சொல்லில் முடியும். முதலிரண்டு அடிகளோடு எதுகை சேர்ந்து வரும் அந்தச் சொல்லுக்கு முன்னால் குரல் தானாகவே நிற்கும். அச்சில் அந்த இடத்தில் சிறு கோடு போடுகிறார்கள். ஓலைச்சுவடியில் கோடும் கிடையாது, காற்புள்ளியும் கிடையாது, மெய்யெழுத்தின் புள்ளிகூடப் பெரும்பாலும் கிடையாது. நிறுத்தம் யாப்புக்குள்ளேயே இருந்ததால் செய்யுளுக்கு அது குறையாகவும் இல்லை. யாப்பு இல்லாத உரைநடைக்கு அந்த வசதி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றோர் நிறுத்தக்குறிகளைக் கவனமாகக் கையாள வேண்டியிருந்தது அதனால்தான்.

ஆனால் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தது பொருள் குழம்பாமல் இருப்பதற்கான நிறுத்தம். அழுத்தத்துக்கான நிறுத்தம் வேறு. ‘நான்தான் அந்தப் பணத்தை எடுத்தேன்’ என்பது தகவல். ‘அந்தப் பணத்தை எடுத்தது’ என்று சொல்லி, ஒரு மூச்சு நின்று, ‘நான்’ என்றால் கேட்பவர் அதற்குள் நாலு பேரைச் சந்தேகப்பட்டிருப்பார். முக்கியமான சொல்லைக் கடைசிக்குத் தள்ள தமிழ் வாக்கியம் தாராளமாக இடம் கொடுக்கிறது. நிறுத்தத்துக்கு வாகான இடமும் அந்தச் சொல்லுக்குச் சற்று முன்னால்தான்.

அழுத்தத்துக்குத் தொல்காப்பியர் காலத்திலிருந்தே தேற்ற ஏகாரம் இருக்கிறது, ‘தான்’ இருக்கிறது, பிறகு மௌனம் எதற்கு என்று கேட்கலாம். இடைச்சொல் எது முக்கியம் என்று காட்டும். யோசிக்க அவகாசம் தராது. பத்து வாக்கியத்தில் பத்து ‘தான்’ வந்தால் காட்டவும் செய்யாது. இதெல்லாம் மேடை நாடகம் என்பது இன்னொரு புகார். அதில் நியாயம் உண்டு. கைதட்டலுக்காக நின்று, தட்டும்வரை நகராத பேச்சாளர்களை நாடு நிறையப் பார்த்திருக்கிறது. அங்கே பிழை நின்றதில் இல்லை. நின்றபின் வந்த சொல்லுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கும் தகுதி இல்லை. தொடர்கதைகளில் வரிக்கு வரி விழும் மூன்று புள்ளிகளும் இந்த ரகமே.

எழுத்தில் வேகம் வாசகர் கையில் இருக்கிறது, எழுதுபவர் எப்படி நிறுத்த முடியும் என்பதே கடினமான கேள்வி. புள்ளி வைத்து நிறுத்த முடியாது. வாக்கியத்தின் நீளத்தால் முடியும். ‘பத்து வருடம் வாடகை கொடுத்தாலும், வரி கட்டினாலும், கூரையைத் தன் செலவில் மாற்றினாலும் வீடு அவருடையது இல்லை’ என்பதைக் கண் ஓடிக் கடந்துவிடும். ‘பத்து வருடம் வாடகை கொடுத்தார், வரி கட்டினார், கூரையைக்கூடத் தன் செலவில் மாற்றினார். வீடு அவருடையது இல்லை.’ இங்கே ‘ஆலும்’ போய்விட்டதால், இரண்டாம் வாக்கியம் வரப்போவது வாசகருக்குத் தெரியாது. முதல் வாக்கியத்தின் ஓட்டத்தில் வந்த கண் இந்தக் குட்டி வாக்கியத்தில் தடுக்கி நிற்கும். குறளின் இரண்டாம் அடி செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். அங்கே குறைவது ஒரு சீர், இங்கே ஏழெட்டுச் சொல்.