அப்புக்காத்து முதல் சட்டத்தரணி வரை

சாம்பல்தீவைச் சேர்ந்த ஒருவர் காணி வழக்கொன்றுக்காகத் திருகோணமலை நீதிமன்றத்துக்குச் செல்கையில், தமக்காக வாதாடுபவரை இன்று சட்டத்தரணி என்றே அழைக்கிறார். அவருடைய பாட்டனார் காலத்திலோ அப்புக்காத்து, பிறக்கிராசி என இரு வகையினர் இருந்தனர். இப்பிரிவினைக்குப் பின்னால் குடியேற்ற ஆட்சியின் நீண்ட வரலாறு உண்டு.

1801 ஆம் ஆண்டின் அரச சாசனம் இலங்கையில் உயர் நீதிமன்றத்தை நிறுவியது. 1833 ஆம் ஆண்டின் நீதிச் சாசனம், நன்னடத்தையும் போதிய அறிவும் உடையோரை அப்புக்காத்துகளாகவும் பிறக்கிராசிகளாகவும் அனுமதிக்கும் அதிகாரத்தை அந்நீதிமன்றத்திடமே ஒப்படைத்தது. அப்புக்காத்து நீதிமன்றில் வாதிடுவார். பிறக்கிராசி கட்சிக்காரரைச் சந்தித்து ஆவணங்களைத் தயாரிப்பார். 1874 இல் சட்டக் கல்வி முறைப்படுத்தப்பட்டது. எனினும் நீதிமன்ற மொழி ஆங்கிலமாக இருந்தமையால், ஆங்கிலக் கல்விக்கு வசதியற்ற கிராமத்துப் பிள்ளைகளுக்கு அக்கதவு மூடியே கிடந்தது.

கட்டுப்பாடு என்பது தகைமையோடு மட்டும் நின்றுவிடவில்லை. 1905 இல் துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றில் தோன்றிய அப்புக்காத்து எம்.சி. அப்துல் காதருக்குப் பிரதம நீதியரசர் சார்ள்ஸ் லயார்ட் ஆட்சேபம் தெரிவித்தார். அவ்வாண்டு டிசம்பர் 31 ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடித் தமது எதிர்ப்பை வெளிப்படுத்தினர். அடுத்த ஆண்டு அத்தடை நீங்கியது. ஒருவருடைய சட்ட அறிவுக்கும் அவர் தலையில் அணிவதற்கும் தொடர்பில்லை என்பதை நிலைநாட்டிய போராட்டம் அது.

1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் இரு வகுப்பினரையும் ஒன்றிணைத்துச் சட்டத்தரணி என்னும் ஒரே பெயரைத் தந்தது. ஆயினும் 1978 ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின்படி, சட்டத்தரணிகளைச் சேர்ப்பதும், ஏமாற்றோ முறைகேடோ புரிந்தோரை இடைநிறுத்துவதும் நீக்குவதும் இன்றும் உயர் நீதிமன்றத்தின் அதிகாரமே ஆகும். 1833 இன் அடிப்படை மாறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மொழிப் பிரச்சினையும் ஓய்ந்துவிடவில்லை. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மாத்திரம் நடத்துவதற்கான ஒழுங்குவிதிகளை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்தது. அவை நிறைவேறியிருப்பின், தமிழில் கற்ற திருகோணமலை மாவட்டத்துத் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் பழைய கதவின் முன்னே மீண்டும் நின்றிருப்பர்.

வழக்காட வந்த ஏழைக்கு நேர்மையும் திறமையும் உள்ள சட்டத்தரணி தேவை. தொழிலுக்கான ஒழுங்குவிதிகள் அவ்விரண்டையும் அளவிடட்டும். உடையையும் பிறந்த சூழலையும் அளவிடும் விதிகள் நீதிக்கு உதவியதாக வரலாறு இல்லை.