குழந்தைகளின் குரல் ஒலிபெருக்கியில் ஒலிக்க…

எங்கள் பள்ளி ஒலிபெருக்கியில் பென் டிரைவைச் செருகினால் எம்.பி.3 கோப்புகள் மட்டுமே ஒலிக்கும். ஆனால் மாணவர் பாடுவதைக் கைபேசியில் பதிவு செய்தால் அது பெரும்பாலும் எம்4ஏ வடிவில் இருக்கும். வாட்ஸ்அப் குரல்பதிவோ ஓபஸ் வடிவில் வரும். கோப்பின் பெயரில் எம்.பி.3 என்று திருத்தினால் மட்டும் உள்ளிருக்கும் வடிவம் மாறாது.

இதற்கு நான் பயன்படுத்துவது விஎல்சி என்ற கட்டணமில்லா மென்பொருள். கணினியில் அதைத் திறந்து, 'மீடியா' பட்டியலில் 'கன்வர்ட்/சேவ்' என்பதைச் சொடுக்கி, கோப்பைச் சேர்த்து, 'ஆடியோ – எம்.பி.3' என்பதைத் தேர்ந்தெடுத்து, சேமிக்கும் இடத்தையும் பெயரையும் கொடுத்தால் போதும். 128 கேபிபிஎஸ் அளவில் ஒரு நிமிட ஒலி ஏறத்தாழ 1 எம்.பி. இடம் பிடிக்கும்.

இப்படி மாற்றும்போது ஒலித்தரம் சிறிது குறையும். ஆகவே மூலப்பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். ஐந்தாம் வகுப்பில் பாடிய குரல் எட்டாம் வகுப்பில் அப்படியே இருப்பதில்லை.