பழைய ஜீப்பில் எண்ணெய்க் கசிவு

பெங்களூருக்குத் தெற்கே, ஹோசூர் செல்லும் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டி இருக்கிறது. கோனப்பன அக்கிரகாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களின் நிலத்தில், 1970-களின் பிற்பகுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய தொழிற்பேட்டை அது. கணிப்பொறித் தொழிலுக்குப் பெயர்போன அவ்விடத்தில் எண்ணெய் ஒழுகும் ஜீப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். அங்குள்ள அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளங்களில் புதிய கார்களுக்கு நடுவே, தார்ப்பாய் போர்த்திய பழைய ஜீப் ஒன்று நிற்பதைச் சில இடங்களில் காணலாம். வாரம் முழுவதும் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவர், விடுமுறை நாளில் அதை எடுத்துக்கொண்டு தளி, அஞ்செட்டிப் பக்கத்து மலைப்பாதைகளுக்குப் புறப்பட்டுவிடுகிறார்.

என் தமையனாரும் அத்தகையவர்களுள் ஒருவர். அவருடைய ஜீப் 1980-களில் செய்யப்பட்டது. அது நின்ற இடத்தில் எப்பொழுதும் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு எண்ணெய்க் கறை இருக்கும். "ஜீப் என்றால் சொட்டத்தான் செய்யும், சொட்டாவிட்டால்தான் எண்ணெய் தீர்ந்துவிட்டதென்று பயப்பட வேண்டும்" என்று சிரிப்பார். ஒரு நாள் மாலை, கீழ்த்தளத்துக்குச் செல்லும் சரிவில் வண்டியை நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைத் திறக்க இறங்கினார். வண்டி மெல்லப் பின்னோக்கி உருண்டது. காவற்காரரின் நாற்காலியை நசுக்கிக்கொண்டு தூணில் மோதி நின்றது. காவற்காரர் சற்று முன்புதான் தேநீர் குடிக்கப் போயிருந்தார்.

கறைக்கும் கைப் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்? நான் கலைப் பட்டதாரி. மொழிபெயர்ப்பு எனக்கு உத்தியோகம். இயந்திரம் படித்தவன் அல்லேன். ஹோசூரில் ஒரு பட்டறைப் பெரியவர் வண்டியின் அடியில் என்னைப் படுக்க வைத்துக் காட்டிய பிறகே விளங்கிற்று.

இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற வில்லிஸ் ஜீப்பை, மஹிந்திரா நிறுவனத்தார் 1947-ஆம் ஆண்டு முதல் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினர். அந்த அமைப்பு நம் நாட்டில் பல்லாண்டுகள் நீடித்தது. எஞ்சினுக்குப் பின்னால் கிளட்ச். அதன் பின்னால் கியர்ப் பெட்டி. அதன் முதுகில் இன்னொரு பெட்டி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பகிர்ந்தளிப்பது இந்த இரண்டாவது பெட்டி. இதற்கு 'மாற்றுப் பெட்டி' என்று நான் பெயர் சொன்னபோது பெரியவர் புன்னகை செய்தார். பட்டறையில் அது 'டிரான்ஸ்ஃபர்' தான். நானும் அவ்வாறே சொல்லிவிடுகிறேன். இத்தகைய பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப் பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபரின் பின்புறத்தில், ஷாஃப்டு வெளிவரும் இடத்தில், ஒரு சிறிய டிரம்மாக இருக்கிறது. அந்த ஷாஃப்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் தேய்ந்தால், எண்ணெய் முதலில் இந்த டிரம்முக்குள்ளேதான் செல்லும். பிரேக் கட்டைகளை நனைத்த பிறகே தரைக்கு வரும். ஆகவே, அங்கிருந்து சொட்டும் ஒரு துளி, கைப் பிரேக் பிடிக்காது என்பதற்கு எச்சரிக்கை ஆகும்.

கசிவைக் கண்டுபிடிப்பதில் முதல் வேலை, எந்த எண்ணெய் என்று அறிவது. வண்டியின் அடியில் இரவு ஓர் அட்டையை விரித்து வைக்கலாம். டீசல் எஞ்சினின் எண்ணெய் கன்னங்கறேலென்று இருக்கும். கியர் எண்ணெய் அதைவிடக் கெட்டியானது. விரலில் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை வீசும். ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார்.

அடுத்தது இடம். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளுகிறது; நின்ற பின் அது தாழ்ந்த முனைக்கு வழிந்து அங்கே சொட்டுகிறது. சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எனவே பெட்டிகளை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு நன்றாகக் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் முகப்பவுடரைத் தூவி, பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். பவுடரில் ஈரம் எங்கே உயரத்திலும் முன்புறத்திலும் தொடங்குகிறதோ அதுவே கசிவின் வாய். கிளட்ச் உறையின் அடியிலுள்ள சிறு துளையில் சொட்டினால், அது எஞ்சினின் பின் சீலாகவும் இருக்கலாம், கியர்ப் பெட்டியின் முன்பக்கமாகவும் இருக்கலாம். அங்கே வாடைதான் தீர்ப்புச் சொல்லும்.

சீலை மாற்ற அவசரப்படுவதற்கு முன், காசு செலவில்லாத இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, எண்ணெய் மட்டம். சமதரையில் நிறுத்தி, பெட்டியின் பக்கவாட்டிலுள்ள திருகைக் கழற்றினால், எண்ணெய் அந்தத் துளையின் உதடு வரை நிற்க வேண்டும். பழைய ஜீப்புகளில் கியர்ப் பெட்டியிலிருந்து டிரான்ஸ்ஃபருக்கு எண்ணெய் கடந்து போவதுண்டு. அப்போது ஒரு பெட்டி வற்றும். மற்றொன்று அளவுக்கு மேல் நிறைந்து வழியும். அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, மூச்சுக் குழல். ஓட்டத்தில் பெட்டிக்குள் காற்று சூடேறி விரிகிறது. அது வெளியேற மேலே ஒரு சிறு மூடி வைத்திருக்கிறார்கள். சேற்றில் போய்வந்த வண்டியில் இது அடைபட்டுவிடும். வெளியேற வழியில்லாத காற்று, நல்ல சீலின் வழியாகக்கூட எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். தமையனார் வண்டியில் இந்த மூடி மண்ணால் இறுகிக் கல்லாகியிருந்தது. அதற்கு முன் வேறோர் ஊரில் இருமுறை சீல் மாற்றியிருந்தார்கள்; ஒருவரும் இதைத் தொடவில்லை. வெளியேறிய எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், ஓடையைக் கடந்தபோது உள்ளே நீர் புகுந்தது என்று பொருள். முழுவதையும் வடித்துவிட வேண்டும்.

சீலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஷாஃப்டின் முனையில் பொருந்திய 'யோக்' என்னும் கவையின் வழவழப்பான கழுத்தின்மேல் சீலின் ரப்பர் உதடு உராய்ந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக் கணக்கில் உராய்வதால் ரப்பர் மட்டுமா தேய்கிறது? இரும்பும் தேய்ந்து பள்ளம் விழுகிறது. நகத்தால் வருடினால் நகம் தட்டும். அப்படித் தட்டினால், புதிய சீல் போட்டும் பயனில்லை. கழுத்தின்மேல் மெல்லிய உறை ஏற்ற வேண்டும், அல்லது யோக்கையே மாற்ற வேண்டும். ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பதும் அவசியம். ஆட்டம் இருந்தால் குற்றம் பேரிங்கினுடையது. புதிய சீலின் உதடு உட்புறம் நோக்கியிருக்க வேண்டும். அதில் எண்ணெய் தடவி, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். யோக்கின் பற்களின் ஊடாகவும் எண்ணெய் ஊர்ந்து வரும். வாஷரின் அடியில் சிறிது பசை தடவுவது நல்லது.

அடித்தட்டின் காஸ்கெட் கசிந்தால், சிலர் போல்ட்டை மேலும் முறுக்குகிறார்கள். தகரத்தட்டு அதனாலேயே வளைந்து இன்னும் கசிகிறது. கெட்டியான எண்ணெய் ஊற்றிக் கசிவை மறைப்பதும் வேண்டாம். கியர் எண்ணெயிலும் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்ற தரபேதம் உண்டு. பித்தளை வளையங்கள் கொண்ட பழைய பெட்டிகளுக்கு முன்னதே ஏற்றது. எண்ணெயில் ஊறிய பிரேக் கட்டைகளைக் கழுவிப் பயனில்லை; சூடேறினால் மீண்டும் கசியும். கசிவை அடைத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்த வேண்டும்.

உயிரைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று. இந்தக் கைப் பிரேக் ஷாஃப்டைப் பிடிக்கிறதே தவிர, சக்கரத்தைப் பிடிப்பதில்லை. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கியதும், தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையிலுள்ளது மறுபக்கமும் சுழல இடம் கிடைத்து, பிரேக் நன்றாக இருந்தாலும் வண்டி நகர்ந்துவிடும். டிரான்ஸ்ஃபரின் கைப்பிடி நடுநிலையில் இருந்தால், கியரில் விட்டு நிறுத்துவதும் பயன்படாது. ஆதலால் முதலில் சக்கரங்களுக்குக் கட்டை, பிறகு ஜாக்கி, அதன்பின் உறுதியான தாங்கிகள், அப்புறமே அடியில் படுப்பது.

பெரியவர் மூச்சுக் குழலைச் சுத்தம் செய்து, யோக்கும் சீலும் கட்டைகளும் மாற்றிக் கொடுத்தார். ஒரு மாதமாக அட்டை விரித்துப் பார்த்ததில், கிளட்ச் உறையின் கீழே மட்டும் வாரத்துக்கு இரண்டு துளி விழுகிறது. அதற்குக் கியர்ப் பெட்டியையே இறக்க வேண்டும். கிளட்ச் தட்டு மாற்றும்போது சேர்த்துச் செய்வதாகத் தமையனார் எழுதியிருக்கிறார். காவற்காரருக்குப் புதிய நாற்காலி வாங்கிக் கொடுத்தாயிற்று; அதை அவர் இப்போது சரிவுக்கு எதிர்ப்புறம் போட்டுக்கொள்கிறாராம்.