‘அட்வைஸ்’ பண்ணா கேட்டே ஆகணுமா? புதுச்சேரியை ஆட்டிவைக்கும் ஒரு வினைச்சொல்

ஆபீஸ் மெயிலில் ‘கைண்ட்லி அட்வைஸ்’ என்று ஒருவர் எழுதினால், அவர் உங்களிடம் புத்திமதி கேட்கவில்லை. ‘என்ன நிலவரம்னு சொல்லுங்க’ என்கிறார். டாக்டர் ‘பெட் ரெஸ்ட்’ அட்வைஸ் பண்ணினால் அது பரிந்துரை. கேட்காவிட்டால் உடம்புக்குத்தான் கேடு. வங்கி அட்வைஸ் பண்ணினால் வெறும் தகவல். வக்கீல் பண்ணினால் ஃபீஸ் உண்டு. சித்தப்பா பண்ணினால்... சரி, விடுங்க.

தமிழில் இதற்கெல்லாம் அறிவுரை, ஆலோசனை, பரிந்துரை, தகவல் என்று தனித்தனி சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல். அதுவும் பிரெஞ்சிலிருந்து போனதுதான். அங்கே ‘அவி’ என்ற சொல்லுக்கு இன்றைக்கும் ‘கருத்து’, ‘அறிவிப்பு’ என இரண்டு பொருளும் உண்டு.

மெயிலில் குழப்பம் வந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். சட்டத்தில் வந்தால்?

குடியரசுத் தலைவருக்கு அமைச்சரவை ‘எய்ட் அண்ட் அட்வைஸ்’, அதாவது உதவியும் ஆலோசனையும் வழங்கும் என்கிறது அரசியல் சாசனத்தின் 74-வது பிரிவு. படித்தால், ‘அவங்க சொல்வாங்க, இவர் இஷ்டப்பட்டா கேட்கலாம்’ என்பதுபோலத் தோன்றும். நடைமுறை நேர் எதிர். அந்த ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்று 1976-ல் 42-வது திருத்தம் எழுத்திலேயே சேர்த்துவிட்டது. மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். மாநில ஆளுநர்களுக்கும், சில விதிவிலக்குகள் தவிர, இதே கதைதான் என்று ஷம்ஷேர் சிங் வழக்கில் 1974-லேயே 7 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

ஆனால், கோரிமேடு எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் வந்தால், அதே சொல்லின் கனம் குறைந்துவிடுகிறது.

இங்கே பேசுவது 1963-ம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டம், 44-வது பிரிவு. அதிலும் ‘எய்ட் அண்ட் அட்வைஸ்’ இருக்கிறது. கூடவே ஒரு வாலும் இருக்கிறது. அமைச்சர்களோடு கருத்து வேறுபாடு வந்தால், துணைநிலை ஆளுநர் விஷயத்தைக் குடியரசுத் தலைவரின் முடிவுக்கு அனுப்ப வேண்டும். குடியரசுத் தலைவர் முடிவு என்றால் மத்திய அரசின் முடிவு என்று படிக்கவும். அவசரம் என்று கருதினால், அந்த முடிவு வரும்வரை துணைநிலை ஆளுநரே நடவடிக்கையும் எடுக்கலாம்.

கிரண்பேடி துணைநிலை ஆளுநராகவும் நாராயணசாமி முதல்வராகவும் இருந்த காலத்தில் இந்த வால்தான் ஊரையே சுற்றி வளைத்தது. 2019 பிப்ரவரியில் முதல்வரே ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தார். அரசின் அன்றாட வேலைகளில் துணைநிலை ஆளுநர் தலையிட முடியாது என்று அதே ஆண்டு ஏப்ரல் 30-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2020 மார்ச்சில் டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது.

இது ராஜ்நிவாஸுக்கும் சட்டசபைக்கும் இடையிலான வார்த்தை விளையாட்டு மட்டும் இல்லை. ரேஷனில் இலவச அரிசி கொடுக்கணும் என்றது அமைச்சரவை. அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடணும் என்றார் துணைநிலை ஆளுநர். விஷயம் டெல்லிக்குப் போய், பணம் என்று முடிவாகி வந்தது. ரேஷன் கடைகள் பல வருஷம் பூட்டிக் கிடந்து, 2024 தீபாவளியை ஒட்டித்தான் மறுபடி திறந்தன. கார்டு வைத்திருந்தவர்களுக்கு ‘அட்வைஸ்’ என்ற சொல்லின் பொருள் அரிசி மூட்டையில் தெரிந்தது.

டெல்லி வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம், ‘எந்த விஷயத்திலும் கருத்து வேறுபாடு’ என்பதற்கு ‘எல்லா விஷயத்திலும்’ என்று பொருள் இல்லை, அது விதிவிலக்காகத்தான் இருக்கணும் என்றது. எது விதிவிலக்கு என்பதில்தான் அடுத்த சண்டை!

மாநில அந்தஸ்து கேட்டு புதுச்சேரி சட்டசபை தீர்மானம் மேல் தீர்மானமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. அது கிடைத்தால் 44-வது பிரிவு போய், சாசனத்தின் 163-வது பிரிவு வரும். அதிலும் ‘எய்ட் அண்ட் அட்வைஸ்’தான் இருக்கிறது. வால் மட்டும் கிடையாது.