மூன்று பேரில் ஒருவர் ஆட்டக்காரர்!

ஒரு ஊரில் வழியோடு போகிற மூன்று பேரை நிறுத்தி விசாரித்தால், அவர்களில் ஒருவர் பந்தாட்டக்காரராக இருப்பார் என்றால் நம்ப முடிகிறதா? ஆஸ்திரேலியாவின் வட கோடியில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அதுதான் திவி தீவுகள்.

டார்வின் நகருக்கு வடக்கே சுமார் 50 மைல் தூரத்தில் பாத்தர்ஸ்ட், மெல்வில் என்று இரண்டு தீவுகள். நடுவே ஒரு குறுகலான ஜலசந்தி. அங்கே வசிப்பவர்கள் பெரும்பாலும் திவி என்ற பழங்குடி மக்கள். ஜனத்தொகை ஏறக்குறைய 2,500தான். அவர்களில் 900 பேர் பந்தாட்டத்தில் பங்கு கொள்கிறார்கள் என்று ஒரு கணக்கு கூறுகிறது. ஆஸ்திரேலியாவில் வேறெங்கும் இந்த விகிதம் கிடையாது.

முட்டை வடிவ மைதானம்

இது நாம் அறிந்த கால்பந்து அல்ல. 'ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து' என்று பெயர். மைதானமும் முட்டை வடிவம், பந்தும் முட்டை வடிவம். பக்கத்துக்கு 18 பேர். பந்தை உதைக்கலாம், கையில் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தித் தோழனுக்கு அனுப்பலாம். வீசி எறிவதுதான் கூடாது. மைதானத்தின் இரு கோடியிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு ஊடே உதைத்தால் 6 பாயிண்டு. ஓரத்துக் கம்பத்துக்குள் போனால் 1 பாயிண்டு மட்டுமே.

இந்த ஆட்டம் தீவிலே பிறந்தது அல்ல. ஜான் பை என்ற கத்தோலிக்க மிஷனரி 1941ல் இதை அங்கே புகுத்தினார். திவி வாலிபர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். காற்றாகப் பறந்தார்கள்! டார்வினில் வேலைக்கு வந்த திவி இளைஞர்கள் ஆடுவதற்கென்றே 1952ல் அந்நகரில் 'செயின்ட் மேரீஸ்' கிளப் தொடங்கப்பட்டது. 1969லிருந்து தீவுக்கே சொந்தமாக ஒரு லீக் நடந்து வருகிறது.

புலியும் எருமையும்

லீக்கில் ஆடிய கிளப்புகளின் பெயர்களே சுவையானவை. இமாலு கிளப்புக்குப் புலி சின்னம். ராங்குவுக்குக் கழுகு. பூமரலிக்கு இடி. டுயுவுக்கு எருமை. ஆஸ்திரேலியக் காட்டில் புலி இல்லை. ஆனால் எருமைக்குப் பஞ்சமில்லை. வெள்ளையர் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்ட எருமைகளின் சந்ததி மெல்வில் தீவில் இன்றும் காட்டு எருமைகளாகத் திரிகின்றன.

மழைக்காலம்தான் இங்கே ஆட்டக்காலம். மார்ச் மாத வாக்கில் இறுதிப் பந்தயம். அன்று தீவு முழுவதும் மைதானத்தில்தான்! டார்வினிலிருந்து விமானத்திலும் படகிலும் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். கூட்டம் 3,000 வரை சேருவதுண்டு. திவி ஓவியர்களின் படைப்புகளும் அதே நாளில் விற்பனைக்கு வைக்கப்படுகின்றன.

கடல் தாண்டிய வீரர்கள்

இச்சிறு தீவு தந்த வீரர்கள் பலர். டேவிட் காண்டில்லா 1961ல் அடிலெய்டு சென்று, முதல் பந்தயத்திலேயே 10 கோல் போட்டார். மெல்வில் தீவில் பிறந்த மாரிஸ் ரியோலி 1982ல் மெல்போர்ன் இறுதிப் பந்தயத்தில் ரிச்மண்ட் கோஷ்டிக்காக ஆடினார். ரிச்மண்ட் தோற்றது. ஆனாலும் அன்றைய சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்கே கிடைத்தது. தோற்ற கோஷ்டியைச் சேர்ந்த ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. 2015ல் அவருடைய சகோதரர் மகன் சிரில் ரியோலியும் அதே பதக்கத்தைப் பெற்றார்.

இடையில் 1993ல் அதை வென்றவர் மைக்கேல் லாங். அவருடைய தாய் தந்தை இருவரும், அரசாங்கத்தின் கொள்கையால் பாலப் பருவத்தில் சொந்த ஜனங்களிடமிருந்து பிரிக்கப்பட்டுத் திவி தீவு மிஷனில் வளர்ந்தவர்கள். 1995ல் ஒரு பந்தயத்தில் எதிர் ஆட்டக்காரர் லாங்கின் இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார். 'ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம்' என்று அதுவரை பலரும் விழுங்கிக்கொண்ட வசை அது. லாங் விழுங்கவில்லை, புகார் செய்தார். அதன் பலனாக அவ்வருஷமே இன வசைக்கு எதிராக விதி பிறந்தது.

ஊரை விட்டால்தான் பெயரா?

பெரிய லீக்கில் ஆட வேண்டுமானால் திவி இளைஞன் சுமார் 2,000 மைல் தாண்டி மெல்போர்ன் போக வேண்டும். வீட்டில் பேசும் பாஷை அங்கே பேச ஆளில்லை. உற்றார் உறவினர் இல்லை. குளிரோ எலும்பைத் துளைக்கும். திறமை இருந்தும் ஊர் ஏக்கத்தால் திரும்புகிறவர்கள் உண்டு என்பதில் வியப்பென்ன?

தீவில் இருந்துகொண்டே பெரிய ஆட்டம் ஆட ஒரு வழி வேண்டாமா? அதற்காகத் 'திவி பாம்பர்ஸ்' என்ற கோஷ்டி 2006ல் டார்வின் லீக்கில் நுழைந்தது. பந்தயத்துக்குச் சிறு விமானத்தில் கடலைக் கடந்து போய், ஆடிவிட்டு ஊர் திரும்புவார்கள். ஆறே வருஷம். 2012ல் அந்த லீக்கின் சாம்பியன் பட்டம் கடல் தாண்டித் தீவுக்கு வந்து சேர்ந்தது!